சுவருக்கு முன் வந்த வாசல்

மே 20

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று நகரமைப்பு அலுவலகத்தில், பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஏழு மீட்டர்னா ஒரு சேலையும் ரெண்டு ஜாக்கெட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

ஆய்வாளர் இளங்கீரன் பாவம், நிதானமாகத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். மலையிடத்தில் வீட்டின் உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாதாம். நான் கருங்கானல் கடைத்தெருவில் முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவள். மீட்டர் என்று யாராவது சொன்னால் எனக்குத் துணிதான் விரியும். வீடு எப்படி விரியும்?

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் விரலில் கணக்குப் போட்டு, "கிட்டத்தட்ட அவ்வளவுதாம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் மகாராசன் அந்த நேரத்தில் வெளியே போய் பஸ் டைம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே பஸ் கண்டக்டர். அவர் பார்க்கப் போன பஸ்ஸில் நாளைக்கு அவருக்குத்தான் டூட்டி. ஆனாலும் ஆபீஸில் நான் வாயைத் திறந்தால் அவருக்கு பஸ் டைம் பார்த்தாக வேண்டும்.

மற்ற விதிகள்: ஜேசிபி விட்டு மண்ணை வெட்டக் கூடாது. நிற்கிற மரத்தைத் தொடக் கூடாது. காட்டு எல்லையிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். மழைத்தண்ணீர் இறங்கிப் போக வழிவிட வேண்டும். அனுமதி கையில் வரும்வரை ஒரு கல்கூட வைக்கக் கூடாது. எங்கள் ஐந்து சென்ட் சரிவுக்கு நான் ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்டு போன பிளானில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார், பால்கனி போயிற்று. இன்னொரு கோடு போட்டார், மாடியே போயிற்று. மூன்றாவது கோடு போடுவதற்குள் பிளானைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவர் நம்பரை 'பிளான் ஆபீஸ்' என்று போனில் பதிந்துகொண்டேன்.

மே 22

வீட்டுக்கார அம்மா வந்தார். அவர் மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வருகிறானாம். பொங்கலுக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சர்க்கரை டப்பா கடன் கேட்கிற குரலில் சொன்னார். கல்யாணமானதிலிருந்து இது எங்களுக்கு ஏழாவது வாடகை வீடு. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, பழகிவிட்டது. இன்று தைத்த ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். அது வேறு விஷயம்.

ஜூன் 3

எங்கள் ஃபைல் வனத்துறைக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து மண்வளத்துறைக்குப் போகுமாம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு இடத்துக்கு யாரும் கூட்டிப் போனதில்லை.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. வைகாசி முடிந்தால் ஆனி, ஆடி இரண்டிலும் வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாது. பிறகு ஆவணிதான். ஆவணியில் ஆரம்பித்து மழைக்கு நடுவில் கட்டிப் பொங்கலுக்குள் எப்படிக் குடிபோவது? சன்னாசி ஆசாரியிடம் கதவு நிலை தயாராக இருக்கிறது. வேங்கை மரம். நேற்றுப் போய்த் தடவிப் பார்த்தேன். சும்மா, வழவழப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

"வைகாசி கடைசி முகூர்த்தத்துல நிலையை மட்டும் நிறுத்திருவோமா?" என்று மகாராசனைக் கேட்டேன்.

"சுவரு?"

"சுவரு பின்னாடி வரும்."

"சுவரு வந்தப்புறம்தான புள்ள வாசலு?"

"நீங்க பஸ்ல ஏறுறப்ப பஸ்ஸா முதல்ல வருது, படியா முதல்ல வருது?"

பஸ்ஸில் பேசித் தீர்த்துவிடுவதால் வீட்டில் அவருக்கு வார்த்தை தட்டுப்பாடு. நான் ஜெயித்தேன்.

ஜூன் 12

நிலை வைத்தாயிற்று!

கொத்தனார் மட்டும் மசியவில்லை. "அனுமதி வராம ஒரு கரண்டி சிமெண்டு தொடமாட்டேன். உங்களுக்கு நல்ல நேரம், எனக்கு ஜெயிலா?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அதனால் ஆசாரி இரண்டு தட்டைக் கல்லைப் போட்டு, அதன்மேல் நிலையை நிறுத்தி, நாலு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்தார். அடியில் நவதானியம், மேலே மாவிலை, மஞ்சள், குங்குமம். பால் ஊற்றினேன். ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்தோம். பக்கத்து மனையில் ஹோம்ஸ்டே நடத்தும் பிலோமி கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள்.

சுற்றிலும் புல். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. நடுவில் தனியாக ஒரு வாசல். அதற்குள்ளே மேகம் நுழைந்து இந்தப் பக்கம் வந்தது.

"யக்கா, திருடன் வந்தா எந்தப் பக்கமா வருவான்?" என்று பிலோமி கேட்டாள்.

"மரியாதையுள்ள திருடன்னா வாசல் வழியாத்தான் வருவான்" என்றேன்.

போட்டோ எடுத்து, நாதஸ்வரப் பாட்டுச் சேர்த்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

ஜூன் 13

ஸ்டேட்டஸை நூற்றுப்பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள். 'பிளான் ஆபீஸ்' நம்பரும் பார்த்திருக்கிறது. மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை!

ஜூன் 19

ஒரு விசேஷம் கவனித்தேன். மனைக்கு வருகிற யாருமே நிலையைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. இரண்டு பக்கமும் திறந்த வெளி, யானைகூடப் போகலாம். ஆனாலும் ஒவ்வொருவரும் அந்த இரண்டேமுக்கால் அடி வழியாகத்தான் நுழைகிறார்கள். தண்ணீர் லைன் பார்க்க வந்த பஞ்சாயத்துக்காரர் செருப்பை வெளியே விட்டுவிட்டு முள்ளில் நடந்தார். பிலோமி வீட்டுக்கு வந்த சென்னைத் தம்பதி ஒவ்வொருவராக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆடுகள் மட்டும்தான் சுற்றிப் போகின்றன. அவற்றுக்கு வளர்ப்புச் சரியில்லை.

மகாராசன் டூட்டி முடிந்து நேராக மனைக்குப் போகிறார். கேட்டால் கரையான் பார்க்கவாம். புது வேங்கை மரத்தில் வாரத்துக்கு ஆறு நாள் என்ன கரையான் என்று தெரியவில்லை.

ஜூன் 27

ஆபீஸிலிருந்து போன். இரண்டாம் தேதி மனையைப் பார்வையிட வருகிறார்களாம். "மனையில் கட்டுமானம் தொடங்கிவிட்டதாகத் தெரிகிறது" என்றது அந்தக் குரல்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்? எங்கள் மனையைப் பார்த்தபடி ஜன்னல் வைத்திருப்பது பிலோமி ஒருத்திதான். எங்கள் வீடு எழும்பினால் அவளுடைய ஹோம்ஸ்டேயிலிருந்து பள்ளத்தாக்கில் பாதி மறையும். கேசரியில் அன்றைக்கு முந்திரி குறைவாக இருந்ததும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஜூன் 30

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பிலோமிக்குக் கொடுத்தனுப்பவில்லை.

ஜூலை 2

இன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

இளங்கீரன் பதினோரு மணிக்கு வந்தார். நாகப்பட்டினம் பக்கத்துக்காரராம். பிறந்ததிலிருந்து தரை என்றால் பாய் விரித்ததுபோல இருக்கும் என்று நம்பி வளர்ந்தவரை, மலைச்சரிவுக்கு அதிகாரியாக அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஒற்றையடிப் பாதையில் மேலே வருவதற்குள் மூன்று இடத்தில் நின்று காட்சியை ரசித்தார். மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஊரில் காட்சியைத்தான் ரசிப்பார்கள்.

நிலையைப் பார்த்தார். மாவிலை காய்ந்திருந்தது.

"என்னம்மா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகாராசன் முந்திக்கொண்டார். பஸ் டைம் பார்க்க அங்கே பஸ் இல்லை. "கட்டுமானம் இல்லைங்க சார். மரச்சாமான்."

"மரச்சாமானா?"

"கட்டில், பீரோ மாதிரி."

"கட்டிலுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பீங்களா?"

"புதுக் கட்டில்னா வைப்போமே சார்" என்றேன் நான்.

அவர் டேப்பை எடுத்தார். காட்டு எல்லை வரைக்கும் அளந்தார். திரும்ப வந்து எழுதினார். சரிவை அளந்தார். வந்து எழுதினார். ஒவ்வொரு தடவையும், நான் சத்தியமாகச் சொல்கிறேன், குனிந்து நிலை வழியாகத்தான் போனார், நிலை வழியாகத்தான் வந்தார். முதல் தடவை ஷூவைக் கழற்றியவர் கடைசிவரை போடவில்லை.

பிலோமியால் அடக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், சுவரே இல்லை! சும்மா சுத்திப் போங்க சார்!" என்றாள்.

அவர் நிலைக்கு நடுவில் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படியே கல்மேல் உட்கார்ந்து சிரித்தார். எங்களுக்கும் தைரியம் வந்து நாங்களும் சிரித்தோம். காரியம் ஆயிற்று என்று நினைத்தேன்.

ஆகவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, நானே ஷூவக் கழட்டிட்டு உள்ள போறேன்னா இது வாசல்தானே? வாசல்னா வீடு ஆரம்பிச்சாச்சுன்னுதானே அர்த்தம்? இது இங்க நின்னா, 'அனுமதிக்கு முன்னாடியே கட்டுமானம்'னுதான் நான் எழுதணும். எழுதிட்டா உங்க ஃபைல் அப்புறம் எந்தத் துறைக்கும் போவாது. நேரா அலமாரிக்குப் போயிடும். பொங்கல் இல்ல, அடுத்த பொங்கலுக்கும் வராது."

"சார், வேற வழி..."

"எடுத்துடுங்க. இடம் காலியா இருந்தா 'காலி மனை'ன்னு எழுதுறேன். பதினாறாந்தேதி வருவேன். பதினேழுலேந்து நான் லீவு. ஆடி பொறக்குது, வீட்டுக்காரிய அவங்க அம்மா வீட்ல கொண்டுபோய் விடணும்." இதைச் சொல்லும்போது ஆபீஸர் காது சிவந்தது. "மாசியிலதாம்மா கல்யாணம் ஆச்சு."

அவர் கிளம்பும்போது, பிலோமி காதில் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன். "இதையெல்லாம் உங்களுக்குச் சொன்ன அந்தப் புண்ணியவதி யாரு சார்?"

"யாரும் சொல்லலைம்மா. நீங்கதானே போட்டிருந்தீங்க. பாட்டோட."

இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால்தான் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் பிலோமிக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினேன். "என்னக்கா திடீர்னு?" என்றாள். மீன் நிறைய வாங்கிவிட்டதாகச் சொன்னேன்.

ஜூலை 3

ஆசாரியிடம் போனோம். சன்னாசி ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெச்ச நிலையப் பிடுங்குறதா? என் கையால செய்யமாட்டேன் தங்கச்சி. குடும்பத்துக்கு ஆகாது. எங்கப்பாரு காலத்துலருந்து நான் அப்பிடி ஒரு காரியம் பாத்ததில்ல."

"நீ பிடுங்க வேணாம்ணே, நாங்களே எடுத்துக்கிறோம்" என்றார் மகாராசன்.

"எடுத்துட்டு எங்கிட்ட வராதீங்க. ஆவணில திரும்ப வைக்க வேற ஆசாரியப் பாருங்க."

எடுத்தால் வீட்டுக்கு ஆகாது. எடுக்காவிட்டால் வீடே ஆகாது. எனக்கு இந்தச் சகுனத்திலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒவ்வொரு வாடகை வீட்டை விட்டுக் கிளம்பும்போதும், நான் ஒட்டிய தோரணத்தை நானே கிழித்திருக்கிறேன். இதையும் நானே பிடுங்குவது என்றால்... சரி, தூக்கம் வருகிறது.

ஜூலை 7

பிடுங்குவதா வேண்டாமா? பிலோமி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். மாதாவுக்கு நகரமைப்பு விதி தெரியுமா என்று கேட்டேன். "அவுக மகன் பொறந்ததே மாட்டுக்கொட்டகையில, இடப் பிரச்சினை அவுகளுக்குத் தெரியும்" என்றாள்.

ஜூலை 8

கண்டுபிடித்துவிட்டேன்!

கடையில் ஒரே கூட்டம். ஆடி நெருங்கினால் எனக்கு இரண்டாவது தீபாவளி. புதுசாகக் கல்யாணமான பெண்களை எல்லாம் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அதற்குச் சேலை, ஜாக்கெட், ஃபால்ஸ் என்று எல்லாம் என் தலையில் விழும். ஒரு அம்மாள் மகளுக்கு ஜாக்கெட் கொடுத்துவிட்டு, "அளவைக் கொஞ்சம் லூசா வைங்க, ஆவணில புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போறப்ப ரெண்டு சுத்து பெருத்துத்தான் போவா" என்றாள்.

கத்திரியைப் போட்டுவிட்டு ஓடினேன். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியதுகூடத் தெரியவில்லை.

"அண்ணே! கல்யாணமான பொண்ணு ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போனா, அது அபசகுனமா?"

ஆசாரி இழைப்புளியை நிறுத்தினார். "அதெப்பிடி? போகாட்டித்தான் சண்டை."

"அவளப் புருசன் வீட்லருந்து பிடுங்கிட்டாங்கன்னு சொல்லுவமா?"

"சொல்லமாட்டோம். கூட்டிட்டுப் போறாங்கம்போம்."

"நம்ம நிலைக்கும் மனைக்கும் வைகாசியில கல்யாணம் ஆச்சு. ஆடிக்குக் கூட்டிட்டு வந்து ஆவணில கொண்டுபோய் விடுங்க."

ஆசாரி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அப்ப நாந்தான் பொண்ணுக்கு அப்பனா?"

"நீங்கதான அண்ணே பெத்தது."

"பொண்ணை அழைக்க வர்ற அப்பன் வெறுங்கையோட வரமுடியாதே. ஆடிச் சீர் யாரு செய்யுறது? நானா?"

"அதுதான முறை" என்றார் பின்னாலேயே வந்து நின்ற மகாராசன். மனுஷன் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சரியான நேரத்தில் வாயைத் திறந்தார்.

"கூலி வாங்குன எடத்துலயே சீர் செய்ய வெக்கிறீங்களேப்பா!" என்று ஆசாரி தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள்.

ஜூலை 16

கார்டு, பத்திரிகை எதுவும் இல்லாமலே முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

சன்னாசி ஆசாரி வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகத் தட்டோடு வந்தார். பழம், பூ, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு மலைவாழை, அதிரசம். அவர் சம்சாரம் நிலைக்குச் சந்தனம் பூசி, "வாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார். பிலோமி ஓவென்று அழுதாள். அவள் மகளை அனுப்பும்போதுகூட இப்படி அழவில்லை. மகாராசனுக்குக் கண்ணில் தூசி விழுந்தது. மழை பெய்து நனைந்த இடத்தில் தூசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, எனக்கும் விழுந்திருந்தது.

முட்டுக் கம்பை எடுத்து, சாய்க்காமல் நிற்கிற மேனிக்கே நாலு பேர் தூக்கினார்கள். பாதையில் பாதி இறங்குவதற்குள் எதிரே மூச்சு வாங்கக் காட்சியை ரசித்துக்கொண்டிருந்தவர் இளங்கீரன்.

"என்னம்மா இது?"

"பொண்ணு ஆடிக்குத் தாய்வீடு போகுது சார்."

நிலையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். தட்டோடு வந்த ஆசாரியைப் பார்த்தார். "ஆவணியில திரும்பி வந்துடுமில்ல?"

"அது உங்க கையிலதான் சார் இருக்கு."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழுக்கலான வளைவில் ஒரு ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தார். அப்போது அவர் வழுக்கினாரா, நிலை அவரைப் பிடித்துக்கொண்டதா என்பது பற்றி இரண்டு கருத்து இருக்கிறது.

நிலையை ஏற்றிய வண்டி கிளம்பியதும் மனைக்கு வந்தார். இரண்டு தட்டைக் கல், நாலு குழி, புல். "காலி மனை" என்று எழுதினார். பிறகு அளவை இன்னொருமுறை சரிபார்க்க உள்ளே போனார். நிலை நின்ற இடத்தில், இல்லாத நிலைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனார். யாரும் சிரிக்கவில்லை. நாங்களும் அப்படித்தானே போகிறோம்.

ஜூலை 25

மகாராசன் தினமும் சாயங்காலம் ஆசாரித் தெருவுக்கு டீ குடிக்கப் போகிறார். அந்தத் தெருவில் டீக்கடை கிடையாது. வயசாகிவிட்டதல்லவா, மறந்துபோகிறார் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2

கத்திரிக்குப் பிடி ஆடுகிறது என்று ஆசாரி பட்டறைக்குப் போனேன். கையில் தற்செயலாகத் தேங்காயெண்ணெய் இருந்தது. நிலைக்குக் கொஞ்சம் தடவிவிட்டு வந்தேன். கத்திரியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஆகஸ்ட் 9

மூன்று நாளாகக் கொட்டுகிறது. எதிர்மலையில் யாரோ வெளியூர்க்காரர் ஜேசிபி விட்டு வெட்டிக் கட்டிக்கொண்டிருந்த விடுதியின் தடுப்புச்சுவர் சரிந்து ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, ஆளில்லை. மகாராசனின் பஸ் அந்த வளைவில் ஐந்து மணி நேரம் நின்றது. முப்பத்தெட்டுப் பயணிகளுக்கும் இவர் பாட்டுப் பாடிக் காட்டினாராம். வீட்டில் ஒரு வரி பாடியதில்லை.

எங்கள் மனையைப் போய்ப் பார்த்தேன். ஒரு கூடை மண்கூட நகரவில்லை. தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பென்சில் கோடு போட்டவர்மேல் இருந்த கோபம் பாதி கரைந்தது. பால்கனிக்கான பாதி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்துவிட்டது. ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆசாரி சம்சாரம் சொல்லி அனுப்பினார்: "பொண்ணை எப்ப கொண்டுவந்து விட? இங்க வந்துபோறவுகள்ளாம் ஒரு மாதிரியாக் கேக்குறாக."

ஆகஸ்ட் 21

வந்துவிட்டது! வந்துவிட்டது! அனுமதி! மாடியில்லாத வீடு, சாய்வுக் கூரை, உயரம் நாலரை மீட்டர். ஒரு சேலையைப் பிடித்து அளந்தாலே ஒரு மீட்டர் மிச்சம்.

இளங்கீரனே போன் செய்தார். "அம்மா, மருமக வரலாம்" என்றார். பின்னால் ஒரு பெண் குரல் சிரித்தது. அவர் மனைவியும் தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டார் போல.

ஆகஸ்ட் 26

நிலை திரும்ப வந்தது. ஆரத்தி எடுத்தோம். இந்தத் தடவை கொத்தனார்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றார். கரண்டியில் சிமெண்டை அள்ளி, "இப்ப பாருங்க" என்று அப்பினார், இரண்டரை மாதக் கோபத்தையும் சேர்த்து.

அக்டோபர் 14

சுவர் ஜன்னல் வரை வந்திருக்கிறது. சுற்றிப் போகிற ஆடுகளுக்கு இனி வழியில்லை. திருந்தும்.

நவம்பர் 20

ஓடு வேய்ந்தாயிற்று. கடையில் நான் தைக்கிற எல்லா ஜாக்கெட்டும் கொஞ்சம் லூசாகவே வருகிறதாம். சந்தோஷத்தில் கை விரிகிறது என்று சொல்லிவைத்தேன்.

டிசம்பர் 11

குடிபுகுந்தோம்.

பால் பொங்கியது. பசு உள்ளே வர மறுத்து, கன்றுக்குட்டி மட்டும் வந்தது. இளங்கீரன் மனைவியோடு வந்திருந்தார். வாசலில் ஷூவைக் கழற்றும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். மகாராசன் வாசலில் நின்றுகொண்டு, பழக்கதோஷம், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடமிருக்கு!" என்று எல்லாரையும் தள்ளிவிட்டார். பிலோமி தாராளமாக முந்திரி போட்டுக் கேசரி கொண்டுவந்தாள். பள்ளத்தாக்கில் பாதி மறைந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. "மிச்சப் பாதியப் பாக்க உங்க வீட்டுக்கு வந்துக்கிறேன்" என்றாள்.

எல்லாரும் போனபிறகு கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டுமே. திறந்தேன், சாத்தினேன். திறந்தேன், சாத்தினேன். புதுத் தாழ்ப்பாள் என்பதால் பல தடவை பார்க்க வேண்டியிருந்தது.

"என்ன புள்ள பண்ற?" என்றார் மகாராசன்.

"ஒண்ணுமில்ல, எண்ணெய் விடணும்."

"தள்ளு" என்று அவரும் ஒரு தடவை சாத்திப் பார்த்தார்.

ஜனவரி 17

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. ஒரே ஒரு சின்ன விஷயத்தை எழுதாமல் விட்டால் மனசு உறுத்தும்.

எங்கள் வாசல் கிழக்கே பள்ளத்தாக்கைப் பார்த்து இருக்கிறது. ரோட்டிலிருந்து ஏறிவரும் பாதை மேற்கே, சமையலறைப் பக்கம் வருகிறது. குடிபுகுந்த நாளைக்குப் பிறகு, பால்காரர், பிலோமி, துணி கொடுக்க வருகிறவர்கள், மகாராசன், நான், எல்லாருமே சமையலறைக் கதவு வழியாகத்தான் வந்து போகிறோம். மார்கழிப் பனியில் தலைவாசல் கதவு உப்பி, நிலையோடு இறுகிப்போனது யாருக்கும் தெரியவில்லை. பொங்கலன்று கோலம் போடத் திறக்கப் பார்த்தோம், அசையவில்லை. சன்னாசி ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினோம். இன்று வந்து பார்த்து, இழைத்துக் கொடுக்கிறேன் என்றார்.

அவரும் சமையலறை வழியாகத்தான் வந்தார்.